கொடியம்பாளையம்: வற்றத்தில் ஒரு தீவு, ஏற்றத்தில் ஒரு தீவு

கோவையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சீர்காழியில் மாமனார் வீடு. மாசி மாதம் நான்கு நாள் குடும்பத்தோடு வருகிறார். பையனுக்கு 12 வயது, பெண்ணுக்கு 8. வெளிநாட்டுத் தீவுகளில் கடல் வற்றும் நேரம் பாறைகளைச் சுற்றி நடந்துபோய், மறைந்திருக்கும் சின்னச் சின்னக் குடாக்களைப் பார்க்கிறார்களே, அப்படி நடந்து பார்க்கக் காவிரி டெல்டாவில் ஒரு தீவு உண்டா, எந்த நேரம் போகலாம் என்பது கேள்வி.

உண்டு தம்பி. உங்கள் மாமனார் வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இருக்கிறது. கொள்ளிடம் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், ஆற்றுக்கு வடக்கே, கொடியம்பாளையம். மயிலாடுதுறை மாவட்டத்து ஊர்தான். ஆனால் சாலையில் போவதென்றால் சிதம்பரம் போய், கடலூர் மாவட்டத்துக்குள் சுற்றி, பாலம் ஏறி உள்ளே வர வேண்டும். தெற்கே பழையாறு துறைமுகத்திலிருந்து படகில் வந்தால் சட்டென்று வந்துவிடலாம். கிழக்கே கடல், தெற்கே கொள்ளிடம், பின்னால் பிச்சாவரம் வரைக்கும் பின்னிக் கிடக்கும் கழிகள். நான் கொள்ளிடக் கரையில் பிறந்தவன். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கரையில் நடந்துகொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் கரையில் பாறையும் கிடையாது, குடைந்து உள்ளே போகும் குடாவும் கிடையாது. காவிரியும் கொள்ளிடமும் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கொண்டுவந்து இறக்கிய மணலும் வண்டலும்தான் இந்த நிலம். அதை அலை தட்டித் தட்டி நேராக்கி வைத்திருக்கிறது. கொள்ளிடத்திலிருந்து தெற்கே கோடியக்கரை வரை வரைபடத்தைப் பாருங்கள், அளவுகோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருக்கும். குடாவுக்குப் பதிலாக நமக்கு இருப்பது கழி. உப்புத்தண்ணீர் ஊருக்குப் பின்பக்கமாக வந்து நிற்கும் இடம், ஓடை ஓடையாகப் பிரிந்து அலையாத்தி மரங்களுக்குள் நுழையும் இடம். அதனால் இந்தத் தீவில் முன்பக்கம் பார்த்து முடித்தால் பாதிதான் பார்த்ததாகும். பின்பக்கம்தான் பெரிய பாதி.

இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ரொம்பக் குறைவு. குஜராத்தில் பவநகர் பக்கம் 10 மீட்டருக்கு மேல் கடல் ஏறி இறங்குகிறது. சுந்தரவனத்தில் ஓர் ஆளையும் மூழ்கடிக்கும் உயரம். அங்கெல்லாம் கடல் புனல் மாதிரி குறுகிக்கொண்டே போவதால் தண்ணீர் நெருக்கித் தள்ளப்பட்டு உயர்கிறது. நம் கரை திறந்து கிடப்பது, அதனால் அமாவாசை, பௌர்ணமி நாளில்கூட ஒரு மீட்டரைத் தொடாது. இரண்டு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டதும் பலர் 'அவ்வளவுதானா' என்று விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டடியைச் சரிவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கிழக்கே அலை அடிக்கும் மணலில் 10 அடிக்கு 1 அடி சரிவு என்றால், இரண்டடி வற்றத்தில் 20 அடி மணல் வெளியே வரும். பின்பக்கம் கழியோரச் சேற்றில் 200 அடிக்கு 1 அடி சரிவு என்றால், அதே இரண்டடியில் 400 அடி தரை வெளியே வந்து கிடக்கும். காலையில் படகு போன இடத்தில் மாலையில் கொக்கு நடந்து போகும். ஒரே தீவை ஒரே நாளில் இரண்டு தடவை பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

நேரத்துக்கு வருவோம். கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்றைக்குப் பார்த்த ஏற்றம் நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். நிலா தினமும் தாமதமாக எழுவதும் இதே கணக்குத்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. உவா என்ற பழைய சொல் அமாவாசை, பௌர்ணமி இரண்டுக்கும் பொதுவானது. ஓதம் என்பது கடல் பொங்குவதைச் சொன்னது. இந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே கவனித்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் உவா நாட்களில் காலையும் இரவும் எட்டு, ஒன்பது மணி வாக்கில் ஏற்றம் இருக்கும். பிற்பகலும் பின்னிரவும் இரண்டு, மூன்று மணி வாக்கில் வற்றம். இது தோராயம். சரியான நேரத்தைச் சென்னைக்கோ நாகப்பட்டினத்துக்கோ உள்ள ஓத அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள், கைப்பேசியிலேயே கிடைக்கும். ஆனால் தோராயம் மனத்தில் இருந்தால் தினசரிக் காலண்டர் தாளில் திதியைப் பார்த்தே உங்களால் கணக்குப் போட முடியும். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் பூம்புகாரிலும் கோடியக்கரையிலும் கூட்டம் கூட்டமாகக் கடலில் முழுக்குப் போடுகிறார்கள். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகசுவாமி கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். இவையெல்லாம் உவா நாட்கள். காலையில் கடல் தானாகவே கரையேறி வந்து நிற்கும் நாட்கள். என் அப்பாயி மாசி மகத்தன்று 'கடலாத்தா வாசப்படிக்கு வந்திருக்கா' என்று சொல்லும். சின்ன வயதில் அதைப் பக்தி என்றுதான் நினைத்தேன். அது கண்ணால் பார்த்துச் சொன்னது என்பது பிறகுதான் புரிந்தது.

சரி, உங்களுக்கு எந்த நாள் நல்லது? மாசி மகத்தன்று வேண்டாம், கூட்டம் அதிகம், வற்றமும் நடுப்பகல் தாண்டி உச்சி வெயிலில் வரும். மகம் கழிந்து நான்காம் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு விடியற்காலை ஐந்தரை வாக்கில் வற்றம், பகல் பன்னிரண்டை ஒட்டி ஏற்றம், பொழுது சாயும் நேரத்தில் மறுபடி வற்றம். உவா கழிந்து ஓரிரு நாள் வரைக்கும் இழுப்பு முழு அளவில் இருக்கும், அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும், அதனால் நான்காம் நாளிலும் பார்க்கப் போதுமான தரை வெளியே வரும். அமாவாசைக்குப் பின் நான்காம் பிறை அன்றும் இதே கதைதான். மாசியே நல்ல மாதம். வங்கக் கடலின் சராசரி மட்டமே வருஷத்துக்குள் ஏறி இறங்கும். மாசி, பங்குனியில் தாழ்ந்திருக்கும், ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்திருக்கும். மழைக்காலத்தில் வாடைக்காற்று தண்ணீரைக் கரைப்பக்கம் ஒதுக்குகிறது, வடக்கிலிருந்து உப்புக் குறைந்த நீரோட்டம் கரையை ஒட்டி இறங்குகிறது, அதனால் அந்த உயர்வு. கார்த்திகையில் வற்றம் என்று அட்டவணை சொல்லும் நேரத்தில், மாசியில் ஏற்றம் வந்து நின்ற கோட்டுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மாமனார் வீட்டிலிருந்து நாலரைக்கே கிளம்பிவிடுங்கள். முதல் நாள் சாயங்காலமே பழையாறு போய் ஒரு ஃபைபர் படகுக்காரரிடம் பேசி வைத்துவிடுவது நல்லது. உயிர்காப்பு உடுப்பு பிள்ளைகள் அளவுக்கு இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே வாங்கிக்கொண்டு வாருங்கள். வற்ற நேரத்தில் முகத்துவாரத்து மணல் திட்டுகள் மேலே வந்துவிடும். எந்தப் பக்கம் ஆழம் என்பது அன்றாடம் ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும், போன மாதம் இருந்த வழி இந்த மாதம் இருக்காது. இறங்கியதும் ஊருக்குள் பெரியவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். வலை விரித்திருக்கும், கருவாடு காயும். சுற்றி நடங்கள்.

விடியும் நேரத்தில் கடல் பக்கம் நில்லுங்கள். வற்றம் முடிந்து ஏறத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் அசைந்த மாதிரியே தெரியாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாவது, நான்காவது மணிகளில் மும்மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று என்று ஏறும். இது தோராயக் கணக்குத்தான், ஆனாலும் இதை மனத்தில் வைத்துத்தான் நான் நடக்கிறேன். ஐந்தரைக்கு வற்றம் என்றால் ஏழு மணி வரைக்கும் தாராளமாக நடக்கலாம். ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் தண்ணீர் விறுவிறுவென்று வரும்.

அந்த ஈர மணலில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். தண்ணீர் விட்டுப்போன கொஞ்ச நேரத்தில், மிளகு அளவு உருண்டைகள் மணலில் கிடப்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை. அசையாமல் இருந்தால் ஓட்டைக்குள்ளிருந்து சுண்டுவிரல் நகம் அளவு நண்டு வெளியே வரும். இரண்டு கையாலும் மணலை வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் பாசியையும் துணுக்குகளையும் மட்டும் சலித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருட்டிப் பின்னால் தள்ளும். ஓர் உருண்டை முடிய ஒரு சில நொடி. ஓட்டையைச் சுற்றிக் கதிர் மாதிரி உருண்டை வரிசை நீண்டுகொண்டே போகும். ஏற்றம் வரும்போது அத்தனையும் கரைந்து மறுபடி மணலாகிவிடும், நண்டு ஓட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும், அடுத்த வற்றத்தில் முதலிலிருந்து தொடங்கும். என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது இதை ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பலாம் என்றால் வர மாட்டேன் என்று அழுதாள்.

கொஞ்சம் மேலே, மணல் மேட்டில் அடப்பங்கொடி ஊதாப்பூவோடு படர்ந்திருக்கும், இராவணன் மீசை என்னும் முள்ளுப்புல் உருண்டையாகக் கிடக்கும். மணலைப் பறந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது இந்த இரண்டும்தான், பிடுங்க வேண்டாம். ஏற்றக் கோட்டுக்கு மேலே டிராக்டர் சக்கரம் போன மாதிரி ஒரு தடம் கடலிலிருந்து ஏறி, சுற்றி, கடலுக்கே திரும்பியிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர். அது பங்குனி ஆமை முட்டையிட வந்துபோன தடம். ஒரு குழியில் நூறு முட்டை வாக்கில் இடும், 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். ஏற்றத்தண்ணீர் தொடாத உயரம் எது என்று இருட்டில் அது எப்படியோ தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. தடத்தைக் கண்டால் தோண்டாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். சீர்காழிக் கரையில் கூழையார் பக்கம் அவர்கள் முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்க வைக்கும் இடம் இருக்கிறது. இரவில் போவதாக இருந்தால் டார்ச்சை அணைத்துவிடுங்கள்.

முகத்துவாரத்து மணல் திட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், பயமுறுத்துவதற்காக இல்லை. எனக்கு 22 வயது இருக்கும். சித்தப்பா மகனும் நானும் வற்றத்தில் ஒரு திட்டுக்கு நடந்தே போய்விட்டோம். கணுக்கால் தண்ணீர்தான். திட்டில் மட்டி பொறுக்கிக்கொண்டு கடலைப் பார்த்தபடியே இருந்தோம். அலை எங்களிடமிருந்து தள்ளியே இருந்தது, அதனால் நேரம் இருக்கிறது என்று நினைத்தோம். திரும்பிப் பார்த்தால், நடந்து வந்த வழி ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. திட்டின் நடுமுதுகுதான் மேடு. அதற்கும் கரைக்கும் நடுவில் இருந்த பள்ளம் முதலில் நிரம்பிவிட்டது. கடல் முன்னால் வரும் என்று காத்திருந்தோம், அது பின்னால் வந்துவிட்டது. இறங்கினால் மார்பளவு, இழுப்பு வேறு. நீந்திப் பழகிய எங்கள் இரண்டு பேருக்கும் கால் நடுங்கியது. வலை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் பார்த்து, கட்டுமரத்தைத் திருப்பி வந்து ஏற்றிக்கொண்டார். திட்டவே இல்லை. 'கடலப் பாக்காதீங்கடா தம்பி, வந்த வழியப் பாருங்க' என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் திட்டில் நின்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என் தலை தானாகத் திரும்பும்.

அதனால் பிள்ளைகளோடு தனித் திட்டுகளுக்குப் போகாதீர்கள். தீவின் தென்முனை வரைக்கும் போகலாம், ஆனால் நுனியில் நிற்க வேண்டாம். ஓட்டம் அடியில் அரித்திருக்கும், மேலே மணல் உறுதியாகத் தெரியும், பொலபொலவென்று சரியும். வற்றத்தில் ஆற்றுத்தண்ணீர் வெளியே போகும் வேகத்தோடு அலை எதிர்த்து மோதும் இடம் அது, அங்கே குளிக்கவே கூடாது.

வெயில் ஏறியதும் ஊருக்குள் வந்து சாப்பிட்டு இளைப்பாறிவிட்டு, பத்து மணிக்கு மேல் பின்பக்கம் படகில் போங்கள். ஏற்ற நேரம்தான் கழிக்குள் போக ஏற்றது. வற்றத்தில் போனால் பாதி ஓடையில் படகு தட்டும். கடலில் ஏற்றம் முடிந்து வற்றத் தொடங்கிய பிறகும் உள் ஓடைகளில் கொஞ்ச நேரம் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். குறுகலான வாய் வழியாக நிரம்ப வேண்டுமே, அதனால் உள்ளே போகப் போகத் தாமதம். எவ்வளவு தாமதம் என்பது ஓடைக்கு ஓடை மாறும். கட்டிப் போட்ட படகைப் பாருங்கள், முன்கயிற்றில் கட்டிய படகின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். படகுகள் எந்தப் பக்கமும் சேராமல் ஆளுக்கொரு திசையில் நின்றால் தண்ணீர் திரும்பும் நேரம். இந்த ஓர் அடையாளத்தைப் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள், நாள் முழுக்க அவனே உங்களுக்கு நேரம் சொல்லுவான்.

சுரபுன்னை மரங்களின் தாங்குவேர்களையும் கவனியுங்கள். அடியில் சேறு பூசிய நிறம், அதற்கு மேல் கொத்துக் கொத்தாக ஆளி என்னும் சிப்பி ஒட்டியிருக்கும் பட்டை, அதற்கும் மேல் சுத்தமான வேர். ஆளிப் பட்டை எங்கே முடிகிறதோ அதற்கு மேல் தண்ணீர் அதிக நேரம் நிற்பதில்லை. அட்டவணை எதுவும் இல்லாமல், வருஷக்கணக்கான ஏற்றத்தை மரத்தில் படிக்கலாம். தொட வேண்டாம், ஆளி ஓடு பிளேடு மாதிரி கிழித்துவிடும். இன்னொரு மரம் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். இலையை ஒடித்தால் பால் வரும், அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: காட்டுக்குள் எந்த இலையையும் கிள்ளக் கூடாது.

சாயங்கால வற்றத்துக்குக் கழியோரத்துக்கு வாருங்கள். காலையில் கிழக்கே பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. பளபளவென்று சேறு. ஒரு கை மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள் அந்தக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும். சேற்றில் துள்ளும் குட்டி உளுவைகள், நீளமூக்கால் குத்திக் குத்திப் போகும் உள்ளான்கள், மேலே ஆலா. பிச்சாவரம் பக்கத்து ஓடைகளில் இருளர் மக்கள் இறால் பிடிப்பதைப் பார்க்க வாய்த்தால் தூரத்தில் நின்று பாருங்கள். வற்றத்தண்ணீரில் வரிசையாகக் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள், கை இரண்டும் வேலையில் இருக்கிறதே. விரல் நுனியில் இறால் தட்டினால் அடுத்த நொடி அது பறிக்குள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கலங்கல் தண்ணீரில், தொடுவதை மட்டும் நம்பிச் செய்யும் தொழில். வற்றம் எத்தனை மணி நேரமோ அத்தனை மணி நேரம்தான் அவர்கள் கூலி. அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

சேற்றில் நீங்கள் இறங்குவதாக இருந்தால் கம்பு ஒன்றால் குத்திப் பார்த்து இறங்குங்கள், முழங்காலுக்கு மேல் போகும் இடத்தில் நிற்காதீர்கள். கலங்கல் தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப்போய்விடும், மிதித்தால்தான் வாலால் குத்தும். சொறி என்னும் ஜெல்லிமீன் ஒதுங்கிக் கிடந்தால் செத்ததென்று தொடவும் வேண்டாம்.

அட்டவணையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. இரண்டடி ஏற்ற இறக்கம் உள்ள கரையில் காற்றும் ஆறும் சேர்ந்தால் அந்த இரண்டடியையே விழுங்கிவிடும். வங்கக் கடலில் தாழ்வழுத்தம் வந்தால், காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைய, கடல் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். அதோடு காற்று தள்ளும் தண்ணீர் சேர்ந்துகொள்ளும். ஆடி, ஆவணியில் மேட்டூர் நிரம்பி முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திறந்துவிட்டால் கதையே வேறு. 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் வந்ததைப் போன்ற வெள்ளம் என்றால் முகத்துவாரத்தில் ஏற்றம் வற்றம் என்று பிரித்துப் பார்க்க ஒன்றும் இருக்காது, செம்பழுப்புத் தண்ணீர் கடலுக்குள் வெகுதூரம் நாக்கு நீட்டிக் கிடக்கும். அப்படிப்பட்ட வெள்ளம்தான் திட்டுகளை இடம் மாற்றுவது. காவிரி மணல் கடலுக்கு வந்து சேரும் கடைசி வழிகளில் கொள்ளிடம்தான் பெரியது. அந்த மணல் வந்தால்தான் இந்தத் தீவின் கரை நிற்கும். மேலே அணைகளிலும் மணல் குவாரிகளிலும் அது நின்றுபோனால் கீழே கடல் தன் கணக்கைத் தொடங்கிவிடும். தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியை அலை எடுத்துக்கொண்டதை உங்கள் மாமனாரே காட்டுவார். அதனால் கிளம்புமுன் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) தரும் கடல் எச்சரிக்கையையும் கொள்ளிடத்தில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். மாசியில் இரண்டும் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும்.

மிச்ச நாள் இருந்தால் தெற்கே போகலாம். கோடியக்கரையில் கரை மேற்கே மடங்குகிறது. முனைக்குக் கிழக்கே நின்றால் வங்கக் கடலின் அலை, மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பாக் நீரிணையின் குளத்து அமைதி. ஒரே காலையில் இரண்டு கடல். குளிர்காலக் கடைசி என்பதால் பூநாரைகள் இன்னும் இருக்கக்கூடும். முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக்கு ஜாம்பவானோடையிலிருந்து படகில் போக வேண்டும், வனத்துறை அனுமதி தேவை. அங்கே காயல் அகலம் அதிகம், ஆழம் குறைவு, அதனால் நிலாவோடு காற்றும் சேர்ந்து தண்ணீரை ஏற்றி இறக்குகிறது. நிதானமாக ஒரு முழு நாள் வேண்டும், கொடியம்பாளையத்தோடு சேர்த்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

2004 டிசம்பர் 26 பற்றி ஊரில் யாராவது பேசத் தொடங்கினால் உட்கார்ந்து கேளுங்கள். பிச்சாவரத்துக்கு முன்னால் கடலோர மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குடியிருப்புகள் அன்றைக்குக் காலையில் அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெருமளவு தப்பின. அலையாத்தி என்று எதற்குப் பெயர் வைத்தார்கள் என்பது பிள்ளைகளுக்கு அங்கேயே விளங்கிவிடும்.

கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. குடிதண்ணீர் கூடுதலாக, தொப்பி, பின்பட்டி வைத்த செருப்பு, மாற்றுத்துணி, ஒரு முழக் குச்சிகள் நாலைந்து. குச்சி எதற்கென்றால், காலையில் கழியோரம் தண்ணீர் விளிம்பில் பெண்ணை ஒரு குச்சி நடச் சொல்லுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை புது விளிம்பில் இன்னொன்று. குச்சிகளுக்கு நடுவில் இடைவெளி அகலமாகிக்கொண்டே போவதை அவளே பார்ப்பாள். மத்தியானம் அத்தனையும் தண்ணீருக்குள் போயிருக்கும். சாயங்காலம் வந்தால் ஒவ்வொன்றாகத் தலை நீட்டும், கடைசியில் நட்டது முதலில். எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே படகேறிவிடுங்கள். அந்த நேரத்திலும் வற்றம்தான், திட்டுகள் மேலே இருக்கும், படகுக்காரருக்கு வழி கண்ணில் பட வேண்டும்.